தன் பெயரோடே போட்டி போட்ட மனுஷன்: ஓலே எவின்ரூட்

நாகப்பட்டினம், ராமேஸ்வரம், தூத்துக்குடின்னு எந்தக் கடற்கரைக்குப் போனாலும் கரையில் இழுத்துப் போட்டிருக்கிற ஃபைபர் போட்டுகளின் பின்பக்கத்தைக் கவனிச்சுப் பாருங்க. ஒரு மோட்டார் தொங்கும். மேலே எஞ்சின், நடுவில் நீளமான கால், அடியில் சின்ன புரொப்பெல்லர். ரெண்டு ஸ்க்ரூவைத் தளர்த்தினா கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிடலாம். இதுதான் அவுட்போர்டு மோட்டார். போட்டுக்குள்ளே இல்லாமல் வெளியே தொங்குவதால் அந்தப் பெயர்.

இன்றைக்கு அந்த மூடியின் மேல் பெரும்பாலும் ஜப்பான் கம்பெனிகளின் பெயர்தான் இருக்கும். ஆனா அந்த வடிவம் இருக்கே, அதாவது எஞ்சின் மேலே, ஷாஃப்ட் நேராகக் கீழே, தண்ணீருக்குள் ஒரு கியர்பாக்ஸ், அது அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் ஒரு பேட்டர்ன் மேக்கர் சுமார் 115 வருஷத்துக்கு முன்னால் முடிவு செய்தது. அவர் பெயர் ஓலே எவின்ரூட். மெக்கானிக்கல் பசங்க பலருக்கே தெரியாத பெயர். கம்பெனி தொடங்கினவர், அதை விட்டுக்கொடுத்தவர், பிறகு தன் சொந்தப் பெயருக்கு எதிராகவே கடை போட்டவர். அவர் கதையைத்தான் இந்த இதழில் படிக்கப்போறீங்க.

ஏரிக்கரைப் பையன்

ஓலே 1877 ஏப்ரல் 19 அன்று நார்வேயில் பிறந்தார். அவருக்கு 5 வயது இருக்கும்போது, 1882-ல், குடும்பம் கப்பலேறி அமெரிக்கா வந்தது. விஸ்கான்சின் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் நிலம் பிடித்து விவசாயம் பார்த்தார்கள். அருகிலேயே ரிப்ளி ஏரி. விஸ்கான்சினைப் பற்றி ஒண்ணு தெரிஞ்சுக்கணும். அது ஏரிகளின் மாநிலம். அங்கே வளரும் பையனுக்குப் படகு மேல் ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அப்பாவுக்கு அந்த ஆசை பிடிக்கவில்லை. பையன் நிலத்தில் வேலை செய்யணும், அவ்வளவுதான். ஓலே 15 வயசு வாக்கில் தானே ஒரு பாய்மரப் படகு கட்ட ஆரம்பித்ததாகவும், அப்பா அதை விறகாக்கிவிட்டதாகவும், பையன் சளைக்காமல் மறுபடி ஒளிச்சு வெச்சு இன்னொன்று கட்டியதாகவும் அவர் வாழ்க்கையைச் சொல்பவர்கள் சொல்வார்கள். ரெண்டாவது படகு ஏரியில் மிதந்ததும், அதில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக் காசு பார்த்தாராம். மகன் சம்பாதிக்கிறதைப் பார்த்த பிறகு அப்பா அமைதியாகிவிட்டார் என்பது கதையின் முடிவு. நம்ம ஊர் அப்பாக்களும் இந்த விஷயத்தில் ரொம்ப வித்தியாசமில்லை, இல்லையா?

16 வயதில் ஓலே வீட்டை விட்டு மேடிசன் நகரத்துக்குப் போனார். இயந்திரக் கடைகளில் வேலை. பள்ளிப் படிப்பு சொற்பம்தான். கல்லூரி வாசலை மிதிக்கவே இல்லை. கணக்கையும் எஞ்சினியரிங்கையும் தானே புத்தகம் வைத்துப் படித்தார். பிறகு மில்வாக்கி, பிட்ஸ்பர்க், சிகாகோ என்று ஒவ்வொரு பட்டறையாக மாறினார். போன இடத்தில் எல்லாம் ஒரு வேலையைக் கற்றுக்கொண்டார். எஃகை எப்படி உருட்டுவது, லேத்தில் எப்படிக் கடைவது, மரத்தில் எப்படிப் பேட்டர்ன் செய்வது.

ஃபவுண்ட்ரி லேப் முடிச்சவங்களுக்குப் பேட்டர்ன் என்றால் தெரியும். உருக்கிய உலோகத்தை ஊற்றுவதற்கு மணலில் ஒரு பள்ளம் வேணும். அந்தப் பள்ளத்தின் வடிவம்தான் பேட்டர்ன். உலோகம் ஆறும்போது சுருங்கும், அதனால் பேட்டர்னைக் கொஞ்சம் பெரிதாகச் செய்யணும். பிறகு கடைந்து எடுக்க ஓர் அலவன்ஸ். மணலிலிருந்து உருவ ஒரு சரிவு. செய்யப்போற பாகத்தை முழுசா மனசுக்குள்ளே பார்க்கத் தெரியாதவன் பேட்டர்ன் மேக்கர் ஆக முடியாது. மில்வாக்கியில் ஈ.பி. ஆலிஸ் என்ற பெரிய இயந்திரக் கம்பெனியில் ஓலே இந்த வேலையில்தான் இருந்தார். பின்னால் அவருக்குச் சோறு போட்டது இந்தப் பார்வைதான்.

தோல்விகளின் வரிசை

1900-ல் கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து கிளார்க் அண்ட் எவின்ரூட் என்ற பெயரில் எஞ்சின் செய்து கொடுக்கும் கம்பெனி தொடங்கினார். நிலைக்கவில்லை. அடுத்தும் ஒன்றிரண்டு முயற்சிகள். அவையும் அப்படியே. மோட்டார் கார் அப்போதுதான் வந்துகொண்டிருந்த காலம். ஆளாளுக்கு எஞ்சின் செய்துகொண்டிருந்தார்கள். ஓலேவுக்கு வேலை தெரியும். வியாபாரம் தெரியாது. கடிதத்துக்குப் பதில் போடக்கூட நேரம் ஒதுக்காத ஆள்.

அதே மில்வாக்கியில் வேறு சில இளைஞர்கள் ஒரு கொட்டகையில் மோட்டார் சைக்கிள் செய்ய முயன்றுகொண்டிருந்தார்கள். ஹார்லி, டேவிட்சன் என்ற பெயர்களை உங்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. அவர்களுடைய ஆரம்ப கால எஞ்சின் வேலைக்கு ஓலே உதவினார் என்பது அந்தக் கம்பெனி வரலாற்றில் வரும் செய்தி. ஒரே ஊர், ஒரே காலம், ஒரே இரும்பு வாசனை. அவர்களுடைய பெயர் உலகம் முழுக்கப் பரவியது. இவருடைய பெயருக்கு வேறு கதை காத்திருந்தது.

இந்தக் காலத்தில்தான் பெஸ் கேரி அவர் வாழ்க்கையில் வருகிறார். பிசினஸ் படிப்புப் படித்த பெண். ஓலேவின் கணக்குப் புத்தகங்களையும் கடிதங்களையும் ஒழுங்குபடுத்த ஆரம்பித்தார். 1906-ல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். அடுத்த வருஷம் மகன் ரால்ஃப் பிறந்தான்.

உருகிய ஐஸ்கிரீம்

இனி அந்தப் பிரபலமான கதை. அவுட்போர்டு மோட்டார் என்று எங்கே பேச்சு வந்தாலும் இது வரும்.

கல்யாணத்துக்கு முந்தைய கோடை. மில்வாக்கிக்கு மேற்கே ஒக்காச்சி ஏரி. நண்பர்களோடு ஒரு தீவில் பிக்னிக். நல்ல வெயில். பெஸ்ஸுக்கு ஐஸ்கிரீம் சாப்பிடணும் போல இருந்தது. கடை அக்கரையில், சுமார் 4 கிலோமீட்டர். ஓலே துடுப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போனார், வாங்கினார், திரும்பித் துடுப்புப் போட்டார். வந்து சேர்வதற்குள் ஐஸ்கிரீம் பாயசம். வேர்வையில் நனைந்து உட்கார்ந்திருந்த ஓலேவுக்கு அப்போது தோன்றியதாம், இந்தப் படகுக்கு ஏன் ஒரு எஞ்சின் இருக்கக் கூடாதுன்னு.

கதை அழகா இருக்கு. ஆனா எஞ்சினியரிங் படிக்கிற நீங்க ஒண்ணைச் சேர்த்து நினைவில் வெச்சுக்கணும். படகின் பின்னால் எஞ்சினைத் தொங்கவிடும் யோசனை ஓலேவுக்கு முதலில் வந்ததில்லை. 1890-களிலேயே சிலர் முயன்றிருந்தார்கள். கேமரன் வாட்டர்மேன் என்பவர் 1905-ல் ஒரு மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் படகில் மாட்டி ஓட்டிப் பார்த்து, பிறகு விற்கவும் ஆரம்பித்துவிட்டார். அப்ப ஓலே எதில் முதல்? நம்பி வாங்கக்கூடிய, சாதாரண ஆள் தானே மாட்டி ஓட்டக்கூடிய, ஆயிரக்கணக்கில் தயாரிக்கக்கூடிய மோட்டாரைச் சரியான வடிவத்தில் கொண்டுவந்ததில் முதல். கண்டுபிடிப்பு வேற, அதை வேலை செய்ய வைக்கிறது வேற. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் செய்தவர்களுக்கு இந்த வித்தியாசம் எலும்பு வரைக்கும் தெரியும்.

காபி மெஷின்

1907-ல் முதல் மோட்டாரைச் செய்து முடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். பெஸ் அதைப் பார்த்துவிட்டு, காபிக்கொட்டை அரைக்கிற மெஷின் மாதிரி இருக்கே என்று கிண்டல் செய்ததாகச் சொல்வார்கள். படத்தைப் பார்த்தால் நீங்களும் அதைத்தான் சொல்வீங்க.

ஆனா உள்ளே இருந்த யோசனையைக் கவனிங்க. ஒரே சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். சிலிண்டரைப் படுக்க வைத்தார். அதனால் கிராங்க் ஷாஃப்ட் செங்குத்தாக நின்றது. அதன் தலையில் ஃப்ளைவீல், தரைக்குக் கிடையாகச் சுற்றும். கிராங்க் ஷாஃப்டின் கீழ்முனையில் டிரைவ் ஷாஃப்ட், ஒரு குழாய்க்குள்ளே நேராகத் தண்ணீருக்குள் இறங்கும். அடியில் ஒரு ஜோடி பெவல் கியர் சுழற்சியை 90 டிகிரி திருப்பிப் புரொப்பெல்லருக்குக் கொடுக்கும். இடையில் செயின் இல்லை, பெல்ட் இல்லை. எஞ்சினைக் குளிர வைக்க ஏரித் தண்ணீரே போதும், ரேடியேட்டர் வேண்டாம். மொத்தத்தையும் படகின் பின்பலகையில் கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டால் முடிஞ்சது.

டூ ஸ்ட்ரோக் ஏன்? வால்வு இல்லை, கேம் ஷாஃப்ட் இல்லை, ஆயில் சம்ப் இல்லை. பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றினால் அதுவே பேரிங்குக்கும் எண்ணெய். பாகங்கள் குறைந்தால் எடை குறையும், கெட்டுப்போற இடமும் குறையும். கையில் தூக்கிக்கொண்டு போகவேண்டிய மோட்டாருக்கு வேறென்ன வேணும்?

ஸ்டார்ட் செய்யும் முறை மட்டும் கொஞ்சம் முரட்டுத்தனம். ஃப்ளைவீலில் ஒரு குமிழ் நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்துச் சுற்றிவிட்டுச் சட்டென்று கையை எடுத்துடணும். எடுக்கலைன்னா, ஓட ஆரம்பித்த எஞ்சினின் குமிழ் விரல் முட்டியைப் பதம் பார்க்கும். அதனாலேயே இந்த வகை மோட்டார்களுக்கு முட்டி உடைப்பான் என்ற அர்த்தத்தில் ஒரு செல்லப் பெயர் உண்டு.

1909-ல் விற்பனைக்கு வந்த மோட்டார் 1.5 குதிரைத்திறன், எடை 62 பவுண்டு, அதாவது சுமார் 28 கிலோ. விலையும் 62 டாலர். நண்பர் ஒருவர் முதலில் இரவல் வாங்கிப்போய் ஏரியில் ஓட்டிவிட்டு, 10 பேரிடம் ஆர்டரும் பணமும் வாங்கிக்கொண்டு திரும்பினார் என்பது அந்தக் கம்பெனியின் பழைய கதைகளில் ஒன்று.

விளம்பரம் எழுதிய கை

இந்த இடத்தில் பெஸ்ஸைச் சரியாகப் பார்க்கணும். ஐஸ்கிரீம் கேட்ட பெண் என்ற அளவில் அவரை நிறுத்திவிடுவது பெரிய அநியாயம். காபி மெஷின் என்று சிரித்தவர்தான் அதை விற்றார். துடுப்பு போட்டது போதும், தூக்கி எறியுங்கள் என்ற பொருள்பட அவர் எழுதிய விளம்பரம் பத்திரிகைகளில் வந்ததும் கடிதங்கள் குவிந்தன. ஆர்டர், கணக்கு, கடிதப் போக்குவரத்து எல்லாம் அவர் தலையில். ஓலே பட்டறையில். நார்வே, டென்மார்க் பக்கத்து மீனவர்களும் வாங்க ஆரம்பித்தார்கள். ஏழை விவசாயியின் மகனாகப் போன பையனின் மோட்டார், அவன் கிளம்பிய கடற்கரைகளுக்கே கப்பலில் திரும்பிப் போனது.

வளர்ச்சிக்குப் பணம் வேண்டியிருந்தது. இழுவைப் படகுத் தொழிலில் இருந்த கிறிஸ் மேயர் என்பவர் கூட்டாளியாகச் சேர்ந்தார். 1911-ல் ஓலேவின் வடிவமைப்புக்குப் பேட்டன்ட் கிடைத்தது. 1912-ல் கம்பெனியில் 300 பேர் வேலை செய்தார்கள். மூணு வருஷத்துக்குள் ஒரு கொட்டகையிலிருந்து 300 பேர்!

அதற்குள் பெஸ்ஸின் உடம்பு கெட்டுவிட்டது. பகலும் இரவும் உழைத்த உடம்பு. ஓய்வு கட்டாயம்னு ஆனது.

இங்கே ஓலே எடுத்த முடிவைப் பாருங்க. கம்பெனி உச்சத்தில் இருக்கிறது. சந்தையில் அவர்தான் ராஜா. அந்த நேரத்தில் தன் பங்கை மேயரிடம் விற்றுவிட்டு வெளியே வந்தார். 1914 வாக்கில் எல்லாம் கைமாறிவிட்டது. ஒப்பந்தப்படி 5 வருஷத்துக்கு அவர் இதே தொழிலில் இறங்கக் கூடாது. எவின்ரூட் என்ற பெயரும் கம்பெனியோடு போனது. மனைவியையும் சின்ன மகனையும் அழைத்துக்கொண்டு காரில் நாட்டைச் சுற்றிப் பார்க்கப் போய்விட்டார்.

இன்றைக்கு ஸ்டார்ட் அப் பற்றிப் பேசுபவர்கள் யாரும் இந்த முடிவைப் பாடமாகச் சொல்ல மாட்டார்கள். லாபக் கணக்கில் பார்த்தால் இது சுத்த நஷ்டம். ஆனா பெஸ் இல்லாமல் அந்தக் கம்பெனியே இல்லை என்பது ஓலேவுக்குத் தெரிந்திருந்தது. அவர் போட்ட கணக்கு அது.

எதிர்க்கடை

ஊர் சுற்றினாலும் மூளை சும்மா இருக்கவில்லை. 62 பவுண்டு என்பது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. இரும்பும் பித்தளையும் கனம். அலுமினியத்தில் செய்தால் என்ன? ஒரு சிலிண்டர் படகையே உதறுகிறது. எதிரெதிராக ரெண்டு சிலிண்டர் வைத்தால் ஒன்றின் அதிர்வை இன்னொன்று சமன் செய்யுமே?

1919 வாக்கில் புது மோட்டார் உருவானது. ரெண்டு சிலிண்டர், 3 குதிரைத்திறன், எடை சுமார் 48 பவுண்டு, அதாவது 22 கிலோ. பழையதைவிட சக்தி ரெண்டு மடங்கு, எடை கால்பங்கு குறைவு. ஓலே அதை நேராகத் தன் பழைய கூட்டாளி மேயரிடமே கொண்டுபோய்க் காட்டினார். மேயருக்கு ஆர்வமில்லை. இருக்கிற மோட்டாரே நன்றாக விற்கும்போது புதுசு எதற்கு?

சரி, அப்ப நாமே செய்வோம். ஆனா ஒரு சிக்கல். எவின்ரூட் மோட்டார் என்று பெயர் வைக்க முடியாது, அந்தப் பெயர் அடுத்தவருடையது. பெஸ்தான் வழி கண்டுபிடித்தார். எவின்ரூடின் லேசான ட்வின் அவுட்போர்டு என்ற ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளைக் கோத்தார். எல்டோ என்ற பெயர் பிறந்தது. 1921-ல் எல்டோ விற்பனைக்கு வந்தது. பேட்டரி இக்னிஷன் இருந்ததால் முட்டி உடைய வேண்டிய அவசியம் குறைந்தது, ஃப்ளைவீலை ஒரு சுண்டு சுண்டினாலே பிடித்துக்கொள்ளும்.

இப்படி ஒரு மனுஷன் தன் பெயர் பொறித்த மோட்டாரோடு தானே சந்தையில் மோதினார். அது மட்டும் இல்லை. இண்டியானா மாநிலத்திலிருந்து ஜான்சன் சகோதரர்கள் அதே சமயத்தில் சுமார் 35 பவுண்டு எடையில் ஒரு ட்வின் மோட்டாரைக் கொண்டுவந்தார்கள். எடை குறைப்பில் ஓலேவையே மிஞ்சினார்கள். 1920-கள் முழுக்க மும்முனைப் போட்டி. ஓலே 1928-ல் நாலு சிலிண்டர் வைத்த எல்டோ குவாடைக் கொண்டுவந்து பதில் சொன்னார். வேகம், எடை, விலை என்று ஒவ்வொரு வருஷமும் ஒருவரை ஒருவர் தாண்டினார்கள். இன்றைய அவுட்போர்டு மோட்டாரின் பாதி குணங்கள் அந்தப் போட்டியில் உருவானவைதான்.

பழைய எவின்ரூட் கம்பெனி கைமாறிக் கடைசியில் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் கம்பெனியின் ஸ்டீபன் பிரிக்ஸ் கைக்கு வந்தது. 1929-ல் எல்டோ, எவின்ரூட், லாக்வுட் என்ற மூன்றும் ஒன்றாகி அவுட்போர்டு மோட்டார்ஸ் கார்ப்பரேஷன் ஆனது. தலைவர் யார் தெரியுமா? ஓலே எவின்ரூட். 15 வருஷத்துக்கு முன்னால் விட்டுப்போன பெயர் மறுபடி அவரிடமே வந்து சேர்ந்தது.

சந்தோஷம் நீடிக்கவில்லை. அதே வருஷக் கடைசியில் பங்குச் சந்தை சரிந்தது. சோத்துக்கே வழியில்லாத காலத்தில் படகு மோட்டார் யார் வாங்குவார்கள்? கம்பெனியைத் தாக்குப்பிடிக்க வைக்கவே முழு நேரமும் போனது. 1928-லேயே வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட பெஸ், 1933-ல் காலமானார். ஓலே அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. 1934 ஜூலை 12 அன்று மில்வாக்கியில் இறந்தார். வயது 57.

பெயருக்குப் பிறகு

மகன் ரால்ஃப் பொறுப்பேற்றார். 1936-ல் நெருக்கடியில் இருந்த ஜான்சன் கம்பெனியும் இவர்களிடமே வந்தது. பின்னாளில் அவுட்போர்டு மரைன் கார்ப்பரேஷன் என்று அழைக்கப்பட்ட அந்த நிறுவனம் பல பத்தாண்டுகள் உலகச் சந்தையில் முன்னணியில் இருந்தது.

ஆனா ஓலேவைத் தூக்கிவிட்ட டூ ஸ்ட்ரோக்கே கடைசியில் கம்பெனியின் காலை வாரியது. காரணம் உங்க ஐ.சி. எஞ்சின் பாடத்திலேயே இருக்கு. டூ ஸ்ட்ரோக்கில் எரிந்த புகையை வெளியே தள்ளுவது உள்ளே வரும் புதுக் கலவைதான். தள்ளுகிற வேகத்தில் புதுப் பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமலே புகையோடு வெளியேறிவிடும். மோட்டாரின் புகைபோக்கி தண்ணீருக்குள் இருக்கிறது. அப்ப அந்தப் பெட்ரோலும் ஆயிலும் எங்கே போகும்? ஏரிக்குள்ளேதான். 1990-களில் அமெரிக்காவில் மாசுக் கட்டுப்பாடு இறுகியது. ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார்கள் சந்தையைப் பிடித்தன. டூ ஸ்ட்ரோக்கிலேயே நேரடியாக எரிபொருளைப் பீய்ச்சும் முறைக்கு மாறிய இந்தக் கம்பெனி, ஆரம்பத்தில் அதில் நிறைய அடி வாங்கியது. 2000 டிசம்பரில் திவாலானது. கனடாவின் பொம்பார்டியே நிறுவனம் பிராண்டை வாங்கி இன்னும் இருபது வருஷம் ஓட்டியது. 2020 மே மாதம் எவின்ரூட் அவுட்போர்டு தயாரிப்பு நிறுத்தப்படுவதாக அறிவிப்பு வந்தது. 1909-ல் தொடங்கியது அங்கே முடிந்தது.

மறுபடி உயிர் கொடுப்பவர்கள்

முடிந்தது என்று சொன்னாலும் முழுசா முடியலை. அமெரிக்காவில் 1965-ல் தொடங்கிய ஆன்டிக் அவுட்போர்டு மோட்டார் கிளப் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. பழைய மோட்டார்களைத் தேடிப்பிடித்துச் சரிசெய்து ஓட்டுபவர்களின் கூட்டம். தாத்தாவின் கொட்டகையில் தூசி படிந்து கிடந்த மோட்டாரைக் கண்டெடுத்தவர், இது என்ன மாடல், எந்த வருஷம், பாகம் எங்கே கிடைக்கும் என்று கேட்கப் பக்கத்தில் ஓர் ஆள் வேணுமே. அதுக்காகவே பகுதிவாரியாகக் கிளைகள். ஏதாவது ஓர் ஏரிக்கரையில் கூடுவார்கள். ஒரு பக்கம் பழைய பாகங்களைப் பரப்பி வைத்து மாற்றிக்கொள்வார்கள். இன்னொரு பக்கம் நூறு வயது மோட்டார்கள் புகை கக்கிக்கொண்டு தண்ணீரில் ஓடும்.

அவர்கள் செய்யும் வேலை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியணும். ஏன்னா, ஓலேவை இறுகப் பிடித்துப் படிக்க அதைவிட நல்ல வழி இல்லை.

முதலில் மாடல் தகடு. அதில் இருக்கும் எண்தான் மோட்டாரின் பிறப்புச் சான்றிதழ். அது தெரியாமல் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொட மாட்டார்கள். அடுத்தது, ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்ப்பது. சுற்றவில்லை என்றால் பிஸ்டன் சிலிண்டரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே பலத்தைக் காட்டினால் எல்லாம் போச்சு. பிளக் துளை வழியாகத் துருவை இளக்கும் எண்ணெய் விட்டு நாள் கணக்கில் காத்திருப்பார்கள். ஃப்ளைவீலைக் கழற்றவும் சுத்தியல் கூடாது, புல்லர்தான். நூறு வருஷ வார்ப்பிரும்பு ஒரே அடியில் விண்டுபோகும்.

பிறகு மூன்று கேள்விகள். கம்ப்ரெஷன் இருக்கா, ஸ்பார்க் வருதா, பெட்ரோல் போகுதா? மூணும் இருந்தால் எஞ்சின் ஓடியே தீரும். பழைய காயில்கள் ஈரத்தில் இன்சுலேஷன் வெடித்துப் போயிருக்கும். பாயின்ட்டுகளில் ஆக்ஸைடு படிந்திருக்கும். கார்புரேட்டரின் மிதவை கார்க்கால் ஆனது. அதன் பூச்சு போய்விட்டால் கார்க் பெட்ரோலைக் குடித்து மூழ்கிவிடும், எஞ்சினுக்குள் பெட்ரோல் வெள்ளம்தான். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ஷெல்லாக் பூச்சைக் கரைத்துவிடும் என்பதால் வேறு பூச்சு கொடுக்க வேண்டும். ஆயில் அளவும் இன்றைய கணக்கு இல்லை. அந்தக் கால பேரிங்குகள் சாதாரண புஷ்ஷுகள். இன்றைய டூ ஸ்ட்ரோக்குக்கு 50-க்கு 1 என்று ஊற்றும் பழக்கத்தில் ஊற்றினால் எஞ்சின் இறுகிவிடும். பல பழைய மோட்டார்கள் அதைவிடப் பல மடங்கு ஆயில் கேட்கும். கடைசியாக, தண்ணீர் இல்லாமல் ஒருபோதும் ஓட்டக் கூடாது. ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி அதில் மோட்டாரின் காலை இறக்கித்தான் முதல் ஓட்டம்.

இந்த வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. மோட்டாரைப் பிரிக்கப் பிரிக்க அதைச் செய்தவர் எப்படி யோசித்தார் என்பது கையில் தட்டுப்படும். எந்த போல்ட்டை எங்கே வைத்தால் ஏரியின் நடுவில் இருக்கிற ஆள் ஒரே ஸ்பேனரில் கழற்ற முடியும், எந்த இடத்தில் சுவர் தடிமன் குறைத்தால் அரைக் கிலோ மிச்சமாகும். பேட்டர்ன் மேக்கரின் கண் அங்கே தெரியும்.

ஓலேவைப் பற்றிப் படிக்கும்போது நாம் ஐஸ்கிரீமை நினைவில் வைத்துக்கொள்கிறோம். அது சுலபமா நினைவில் நிற்கும். ஆனா அவர் வாழ்க்கையின் கனமான பகுதிகள் வேற. கம்பெனிகள் கவிழ்ந்த பிறகும் லேத்தை விட்டு நகராதது ஒன்று. மனைவிக்காக 300 பேர் கம்பெனியை விட்டு வந்தது இன்னொன்று. கையில் பெயர் இல்லாத நிலையிலும் வேலையை வைத்து மறுபடி ஆரம்பித்தது மூன்றாவது. பெயரை விற்கலாம், வாங்கலாம், 2020-ல் நடந்த மாதிரி மூடியும் விடலாம். கையில் இருக்கிற வேலையை யாரும் எழுதி வாங்கிவிட முடியாது.

அடுத்த முறை உங்க காலேஜ் ஐ.சி. எஞ்சின் லேபின் மூலையில் துரு ஏறி ஒரு பழைய எஞ்சின் கிடப்பதைப் பார்த்தால், லேப் அசிஸ்டன்ட் அண்ணனிடம் அனுமதி கேட்டு ஃப்ளைவீலைக் கொஞ்சம் சுற்றிப் பாருங்க. சுற்றினால் கம்ப்ரெஷன் பாருங்க. சுற்றவில்லை என்றால் எண்ணெய் விட்டுட்டுக் காத்திருங்க. கூட வேலை செய்ய இன்னும் ரெண்டு பேர் எப்படியும் உங்க வகுப்பிலேயே கிடைப்பாங்க. அவர்களையும் தேடிப் பிடிச்சுடுங்க.